ஐம்புலன்களின் வழியே ஆறுதல்: கடும் நோயுற்றோரைப் பேணுவோர்க்கு ஒரு பாடம்

எங்கள் நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தினர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி மருந்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியது. அண்மையில் ஒரு மகன் தம் தாயின் கட்டிலருகே கஞ்சிக் கிண்ணத்துடன் நின்றுகொண்டு எங்கள் செவிலியரிடம் கேட்டார்: "நேற்று இரண்டு கரண்டி குடித்தார்கள், சிஸ்டர். இன்று வாயைத் திறக்கவே இல்லை. இப்படியே விட்டுவிட்டால், பெற்ற தாயைப் பட்டினி போட்டவன் ஆகமாட்டேனா?"

அந்த அம்மையாருக்குப் புற்றுநோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் இனி இல்லை என்பதைக் குடும்பம் அறிந்திருந்தது. கரண்டி அருகே வரும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகன் கெஞ்சினார்; சிறிது கடிந்தும் கொண்டார்; பிறகு வராந்தாவுக்குச் சென்று அழுதார்.

அவருடைய துயரம் நமக்குப் புதிதன்று. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் சோற்றின் வழியாகவே பரிமாறப்படுகிறது. "சாப்பிட்டாயா?" என்பதே நலம் விசாரிக்கும் முதற்சொல். ஊட்டும் கையைத் தாயே மறுக்கும்போது, தம் அன்பையே மறுத்ததாகப் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். அந்நிலையில் அவர்களுக்குத் தேவைப்படுவது வெறும் விளக்கமன்று. அந்தக் கைகள் செய்யக்கூடிய வேறு பணி. அப்பணியைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

பாடத்தின் அடிப்படை

கடும் நோயுற்றோரைப் பேணும் இன்றைய முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னரே மருத்துவம் பயின்றவர் அவர். 1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வலி உடலில் மட்டும் இருப்பதில்லை. மனம், குடும்பம், வாழ்வின் பொருள் ஆகிய அனைத்தையும் அது பற்றியிருக்கிறது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. அதனை அவர் 'முழுமையான வலி' என்றார். வலி முழுமையானதாயின் ஆறுதலும் முழுமையானதாக இருத்தல் வேண்டும். மாத்திரையால் மட்டும் அது நிறைவுறாது.

சொற்களைப் புரிந்துகொள்வதும் பதில் சொல்வதும் அரிதாகிவிட்ட ஒருவருக்கு ஆறுதல் எவ்வழியாகச் சென்று சேரும்? புலன்களின் வழியாகவே சேரும். நெதர்லாந்தில் 1970களில், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கென மெல்லொளி, இசை, நறுமணம், தொட்டுணரும் பொருள்கள் ஆகியவை அமைந்த தனி அறைகளை உருவாக்கினர். பின்னர் மறதி நோயாளிகளுக்கும் அம்முறை பயன்பட்டது. அத்தகைய அறை நமக்கு வேண்டியதில்லை. ஒரு பனையோலை விசிறி, ஒரு கிண்ணம் நீர், தூய பருத்தித் துணி, பழகிய குரல் ஆகியவை எவ்வீட்டிலும் உண்டு.

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக்கொண்டு வகுக்கிறது. முதலாவது தொடுகை, அதனைத் தொடர்ந்து சுவை, மணம், காட்சி, கேள்வி, ஆறாவது மனம். நினைவில் நிறுத்த எளிது என்பதால் அதே வரிசையில் இப்பாடத்தையும் அமைத்துள்ளோம். அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றே: நாம் தர விரும்புவதைத் தருவதன்று ஆறுதல், அவர் உடல் ஏற்க விரும்புவதைத் தருவதே ஆறுதல். ஆகவே ஒவ்வொன்றையும் செய்யுமுன் கேளுங்கள். பதில் சொல்ல இயலாதவராயின் முகத்தைப் பாருங்கள். நெற்றிச் சுருக்கம், இறுகிய தாடை, விரைந்த மூச்சு, விலகும் கை ஆகியவை 'வேண்டாம்' என்பதன் அடையாளங்கள். தளர்ந்த நெற்றியும் சீரான மூச்சும் 'இருக்கட்டும்' என்பதன் அடையாளங்கள்.

முதலாவது: தொடுகை

தொடுவதற்கு முன் பெயரையோ உறவுமுறையையோ சொல்லி அழையுங்கள். "அப்பா, நான் செல்வி வந்திருக்கிறேன், கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்பது போன்ற ஒரு வாக்கியம் போதும். கண் மூடியிருப்பவரைத் திடீரெனத் தொட்டால் அவர் அஞ்சக்கூடும். உங்கள் கை குளிர்ந்திருந்தால் இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அவர் கையின் மேல் உங்கள் கையை வைப்பதைவிட, அவர் உள்ளங்கைக்குக் கீழே உங்கள் கையை வைப்பது நன்று. வேண்டாதபோது அவரே எளிதாக விலக்கிக்கொள்ள அது இடம் தரும். தம் விருப்பப்படி செய்யக்கூடியவை ஒவ்வொன்றாகக் குறைந்துவரும் ஒருவருக்கு இச்சிறு உரிமையும் பெரிது.

வலி இருக்கும்போது தொடுகை ஆறுதலாகாது. வலிக்கு மார்பின் போன்ற மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், உடம்பு துடைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றை மருந்து வேலை செய்யத் தொடங்கிய பின் செய்யுங்கள். வாய்வழி உட்கொள்ளும் விரைவுவகை மார்பினுக்குப் பொதுவாக அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் நோயாளிக்கு உரிய நேரத்தைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வகுத்த அளவில் கொடுக்கப்படும் மார்பின் உயிரை விரைவில் போக்கிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அவ்வச்சத்தால் மருந்தை ஒளித்து வைத்தவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அக்குடும்பங்களில் வலியைத் தாங்கியவர் நோயாளியே.

கை, கால்களுக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவி மெல்ல நீவிவிடலாம். அழுத்திப் பிடிக்க வேண்டா. முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருந்தால் அங்கே தேய்க்கக் கூடாது. அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். அவ்விடத்தில் பாரம் படாதவாறு தலையணை வைத்து, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லத் திருப்பிப் படுக்கவையுங்கள். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தால் நீவாமல் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். கைகால்கள் சில்லிட்டுப்போனால் மெல்லிய போர்வையோ காலுறையோ போதும். சூடான நீர்ப்பை வைக்காதீர்கள். உணர்வு குறைந்த தோல் வெந்துபோவதை நோயாளியால் சொல்ல இயலாது.

மூச்சுத் திணறலுக்கும் தொடுகை உதவும். முகத்தின்மீது படும் குளிர்ந்த காற்று மூச்சுத் திணறல் உணர்வைத் தணிக்கிறது. 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், கைவிசிறியின் காற்றை முகத்தில் பெற்றபோது நோயாளிகளின் திணறல் குறைந்தது. அதே காற்றைக் காலில் பெற்றபோது அத்தகைய பயன் கிட்டவில்லை. நம் வீட்டு விசிறிக்கும் இது பொருந்தும். சற்றுச் சாய்வாக அமரவைத்து, மூக்கும் கன்னமும் உள்ள பகுதியில் காற்றுப் படுமாறு சில நிமிடங்கள் வீசுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். கட்டிலைச் சூழ்ந்து நிற்போரை விலகியிருக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது: சுவை

தொடக்கத்தில் சொன்ன மகனின் கேள்விக்கு வருகிறோம். நோயின் எந்த நிலையிலும் உண்ணாமையை இயல்பு என்று விட்டுவிடலாகாது. வாய்ப்புண், நாவில் வெண்படலம், குமட்டல், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றால் உணவு செல்லாமலிருந்தால் அவற்றுக்கு மருத்துவம் உண்டு. முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆயினும் நோய் முற்றி, வாழ்நாள் நாள்கணக்கில் எண்ணப்படும் நிலையில், உடலே உணவைத் தேடுவதை நிறுத்திவிடுகிறது. செரிமானம் மந்தமாகிறது, விழுங்கும் தசைகள் தளர்கின்றன. உண்ணாததனால் அவர் இறந்துகொண்டிருப்பதாக எண்ணாதீர்கள்; இறுதி நெருங்குவதனால் உடல் உணவை வேண்டவில்லை. அந்நிலையில் வற்புறுத்தி ஊட்டுவது புரையேறுதலையும் நுரையீரல் தொற்றையும் உண்டாக்கக்கூடும்.

"குளுக்கோஸாவது ஏற்றக்கூடாதா?" என்று கேட்பர். இதனை மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிநிலைப் புற்றுநோயாளிகள் 129 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் உப்புக் கரைசலும், மற்றப் பிரிவினருக்கு வெறும் 100 மில்லி லிட்டரும் ஏற்றப்பட்டன. அவர்களுடைய சோர்வு, குழப்பம் முதலியவற்றிலும் வாழ்ந்த நாள்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிலருக்குச் சில காரணங்களால் திரவம் தேவைப்படலாம். அதனை மருத்துவர் முடிவு செய்வார். எல்லோர்க்கும் அது தேவை என்பதும், தராவிடில் கொடுமை என்பதும் சரியல்ல. அளவு மிஞ்சினால் கால் வீக்கமும் நெஞ்சுச் சளியும் கூடக்கூடும்.

இறுதி நாள்களில் நோயாளியை வருத்துவது பெரும்பாலும் வாய் உலர்தலே. அதனைப் போக்க வல்லவை உங்கள் கைகள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும், தூய பருத்தித் துணியையோ பஞ்சையோ நீரில் நனைத்து, நன்கு பிழிந்து, உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம், நா ஆகியவற்றை மெல்லத் துடையுங்கள். விழுங்க முடிந்தவராயின் சிறு பனிக்கட்டித் துண்டை உறிஞ்சக் கொடுக்கலாம். உதட்டுக்குச் சிறிது எண்ணெயோ வாசலினோ தடவலாம். ஆனால் ஆக்ஸிஜன் வைக்கப்பட்டிருப்பவருக்கு எண்ணெய்ப்பசையுள்ள எதையும் முகத்தில் தடவக் கூடாது. தீ விபத்துக்கு அது இடமளிக்கும். அவருக்கு நீர் சார்ந்த களிம்பைச் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

வெறும் நீர்தான் என்பதில்லை. அந்த அம்மையாருக்கு வாழ்நாள் முழுதும் விடியற்காலையில் காப்பி குடிக்கும் பழக்கம் இருந்ததை மகன் வழியே அறிந்தோம். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்தார். அதில் நனைத்துப் பிழிந்த துணியால் தாயின் உதட்டையும் நாவின் நுனியையும் தடவினார். அம்மையார் உதட்டை நக்கினார். சிறிது நேரம் கழித்து மீண்டும் நக்கினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உணவு செல்லாத வாய்க்கும் சுவை செல்லும் என்பதை அந்த மகன் அன்று கற்றுக்கொண்டார். இளநீர், மோர், பழச்சாறு என அவரவர் விரும்பியதை இவ்வாறு தரலாம்.

உயிர் பிரியும் வேளையில் வாயில் பால் விடுவது நம் குடும்பங்கள் பலவற்றின் மரபு. விழுங்க இயலாதவரின் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் சென்று திணறச் செய்யும். பாலோ, துளசித் தீர்த்தமோ, ஜம்ஜம் நீரோ, தேவாலயத் தீர்த்தமோ எதுவாயினும், பஞ்சில் நனைத்துப் பிழிந்து உதட்டில் தொட்டு வையுங்கள். மரபும் நிறைவேறும், அவருக்குத் துன்பமும் நேராது. உறவினர் வந்து கூடிய பின் இதனைச் சொல்வது கடினம். ஆகவே முன்னதாகவே குடும்பத்துக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மணம்

நோயும் மருந்தும் மூக்கின் இயல்பை மாற்றிவிடுகின்றன. முன்பு விரும்பிய தாளிப்பு மணமே இப்போது குமட்டலைத் தரலாம். சமைக்கும்போது நோயாளியின் அறைக்கதவைச் சாத்துங்கள். சூடான உணவின் மணம் ஒவ்வாதவருக்கு ஆறிய உணவைக் கொடுங்கள். மல்லிகை, சந்தனம், வாசனைத் தைலம் எதையும் 'நல்லதுதானே' என்று நாமே முடிவு செய்து அருகில் வைக்க வேண்டா. முதலில் சற்றுத் தொலைவில் காட்டி, முகக்குறிப்பைப் பார்த்துப் பின் நெருங்குங்கள். ஊதுபத்தியும் சாம்பிராணியும் மூச்சுத் திணறலைக் கூட்டும். ஆக்ஸிஜன் உள்ள அறையில் விளக்கோ கற்பூரமோ ஏற்றவே கூடாது.

சில புற்றுநோய்ப் புண்கள் துர்நாற்றம் வீசும். இதைப் பற்றி வெளியே பேசக் கூசுகின்றனர். நோயாளியோ, தம்மால் வீட்டாருக்குத் தொல்லை என்றெண்ணி, பேரக்குழந்தைகளை அருகே வரவேண்டாம் என்கிறார். இதற்கும் மருத்துவம் உண்டு. மெட்ரோனிடசோல் என்னும் மருந்தைப் புண்ணின்மீது நேரடியாக இடுவது நாற்றத்தைப் பெரிதும் குறைக்கும். அதனை இடும் முறையையும் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். கட்டிலுக்கடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரியோ காப்பித்தூளோ வைத்தால் அதுவும் நாற்றத்தை ஓரளவு உறிஞ்சும். அருகில் செல்லும்போது மூக்கைப் பொத்தாதீர்கள். அதனை அவர் கண்டிப்பாகக் கவனிப்பார்.

நான்காவது: காட்சி

பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் நாங்கள், அண்மையில்தான் ஒரு காரியம் செய்தோம். காலியாக இருந்த கட்டிலில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துப் பார்த்தோம். நேர்மேலே குழல்விளக்கு கண்ணைக் கூசச் செய்தது. சன்னல் தலைமாட்டில் இருந்ததால் வானம் தெரியவில்லை. வாயிலில் வருவோர் யாரென்று தலையைத் திருப்பினாலன்றித் தெரியவில்லை. இத்தனை காலமும் அவ்வாறே படுக்கவைத்திருக்கிறோம் என்பது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அன்றே கட்டில்களைத் திருப்பிப் போட்டோம்.

நீங்களும் வீட்டில் அக்கட்டிலில் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். கண்ணில் நேரே படும் விளக்கை அணைத்து, பக்கவாட்டில் மங்கலான விளக்கொன்றை வையுங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து எட்டும் இடத்தில் வையுங்கள். நாள்காட்டி, கடிகாரம், விரும்பிய படம் ஆகியவை கண்ணில் படட்டும். பேசும்போது நின்றுகொண்டு பேசாமல், அவர் கண்மட்டத்திற்கு அமர்ந்து பேசுங்கள். கண் பாதி திறந்தவாறே இருந்தால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் இமைகளை மெல்ல ஒற்றுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இறுதி நாள்களில் சிலர், முன்னரே மறைந்த தாயோ அண்ணனோ வந்து நிற்பதாகச் சொல்வர். அதனால் அவர் அமைதி பெறுவாராயின் மறுத்து வாதிட வேண்டா, "அப்படியா, என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்பது போதும். அக்காட்சி அச்சமூட்டுவதாயினும், திடீரென மனக்குழப்பம் ஏற்பட்டாலும் உடனே தெரிவியுங்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், மருந்தின் விளைவு ஆகியவை காரணமாக இருக்கலாம். அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய இயலும்.

ஐந்தாவது: கேள்வி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இறுதி மணிநேரங்களில் எவ்வித அசைவும் பதிலும் இன்றிக் கிடந்த நோயாளிகளுக்கு ஒலித் தொடர்களைக் கேட்கச்செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். அவர்களுள் சிலரின் மூளை, நலமுடைய இளைஞரின் மூளையைப் போன்றே ஒலி மாற்றங்களுக்கு எதிர்வினை காட்டியது. கேட்ட ஒலியின் பொருளை அவர்கள் உணர்ந்தார்களா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. ஆயினும் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு அதுவே போதுமானது: அவர் கேட்கிறார் என்று கொண்டு பேசுவோம்.

ஆகவே கட்டிலருகே சொத்தையும் கடனையும் ஈமச் செலவையும் பேசாதீர்கள். "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்வியை எங்களிடம் அறைக்கு வெளியே கேளுங்கள். அவரை வீட்டில் எப்பெயரால் அழைப்பார்களோ அப்பெயராலேயே அழையுங்கள். காதொலிக் கருவி அணிபவராயின் அது இயங்குகிறதா என்று பாருங்கள். பாட்டு விரும்பினால் போடுங்கள். ஆனால் நாள்முழுதும் வேண்டா. ஒரு முதியவருக்குப் பக்திப் பாடல் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கள் வார்டில் காலை முதல் மாலை வரை அதனை ஒலிக்கவிட்டோம். அவர் நெற்றி சுருங்கியே இருந்தது. மாலையில் வந்த அவர் மகள் அதனை நிறுத்திவிட்டு, ஊரில் மழை பெய்ததையும் கிணற்றில் நீர் ஏறியதையும் சொன்னார். நெற்றி தளர்ந்தது. அமைதியும் ஓர் ஒலியே. அதனையும் இடையிடையே தாருங்கள்.

உங்கள் செவிக்கும் ஒரு செய்தி உண்டு. இறுதி நேரத்தில் நோயாளியின் தொண்டையில் கரகரவென்ற ஓசை எழலாம். விழுங்க இயலாத உமிழ்நீர் அங்கே தேங்குவதே காரணம். கேட்போரை அது வருத்துமளவு, உணர்வு மங்கிய நோயாளியை வருத்துவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விரைந்தும், பின் மெலிந்தும், சில நொடிகள் நின்று மீண்டும் தொடங்கியும் வரலாம். அது உடல் ஓய்வதன் இயல்பான வரிசை. அஞ்ச வேண்டா, கையைப் பிடித்துக்கொண்டு உடனிருங்கள்.

ஆறாவது: மனம்

ஐம்புலன்களுக்கும் செய்வன அனைத்தையும் பட்டியல்போட்டுச் செய்தாலும், மனம் இல்லையேல் அவை வேலையாகவே முடியும். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணி அழுவது மட்டும் பரிவன்று. அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொன்னதை நம்புவதே பரிவு. "ஒன்றுமில்லை, சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள்" என்று சொல்லும்போது, அவர் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் தடுத்துவிடுகிறோம். "எனக்கு இனி முடியாது போலிருக்கிறதே" என்று அவர் சொன்னால், "எதை நினைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு அமர்ந்துகொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும், யாரையேனும் வரவழைக்கவும் அவர் காத்திருக்கலாம்.

உங்கள் உடலுக்கும் ஐம்புலன்கள் உண்டு என்பதை மறவாதீர்கள். இரவெல்லாம் விழித்திருப்பவரின் கையில் பொறுமை இராது. முறை வைத்து உறங்குங்கள், வேளைக்கு உண்ணுங்கள். நோயாளி உண்ணாதபோது தாமும் உண்ணாதிருப்பது அவருக்கு உதவாது. வீட்டிலேயே வைத்துப் பேணுவோர், தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

ஒன்று: நோயாளிக்கு முன்பு மிகவும் பிடித்திருந்த ஒரு சுவை, ஒரு மணம், ஒரு குரல் ஆகியவற்றை எழுதுங்கள், அவை இப்போதும் பிடிக்கின்றனவா என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டு: அவருடைய கட்டிலில் ஒரு நிமிடம் படுத்துப் பார்த்து, மாற்ற வேண்டிய ஒன்றை மாற்றுங்கள்.

மூன்று: வாய் துடைக்கும் முறையை எங்கள் செவிலியரிடம் ஒருமுறை நேரில் பார்த்துப் பழகுங்கள்.

நான்கு: இன்று ஐந்து நிமிடம், எதையும் கொடுக்காமலும் எதையும் கேட்காமலும், அவர் கைக்குக் கீழே கை வைத்து அமர்ந்திருங்கள்.

அந்த அம்மையார் ஆறாம் நாள் விடியலில் அமைதியாகக் கண் மூடினார். அன்று காலையும் மகன் காப்பி கொண்டுவந்திருந்தார். சடங்குகள் முடிந்து பதினைந்து நாள்கள் கழித்துச் சான்றிதழ் பெற வந்தபோது எங்கள் செவிலியரைப் பார்த்துப் பேசினார். பட்டினி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "கடைசி ஆறு நாளும் அம்மாவுக்கு நான் ஏதாவது செய்துகொண்டேதான் இருந்தேன், சிஸ்டர்" என்றார். உங்களுக்கும் அவ்வாறு சொல்லக்கூடிய நாள்கள் அமைய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஐயம் எதுவாயினும், எந்நேரமாயினும், வார்டுக்கு வந்து எங்களைக் கேளுங்கள்.